“நல்லதையே நினை” எண்டு சொல்லுறது உதவியோ, உபத்திரவமோ?

கிணத்தடி (உரும்பிராய்), வியாழன் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா இங்க வந்து வாசிச்சுப்போட்டுப் போறனான், எழுதினதில்லை. இப்ப ஒரு விசயம் மனசை அரிச்சுக்கொண்டு கிடக்கு.

2022 ஆவணியில இவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோச்சு. பெற்றோல் இல்லாத காலம் எண்டு உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஒழுங்கை ஓட்டோக்காரத் தம்பி அந்தக் கிழமைப் பங்கில தனக்கு மிச்சம் இருந்ததை வைச்சுத்தான் எங்களைப் பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர். வீட்டில ரெண்டு பிள்ளையள். பின்னால ஆறு பரப்புக் காணியில சின்ன வெங்காயம், கிண்ட இன்னும் ஒரு மாசம் கிடக்கு. இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணை இல்லை. வந்த நேரம் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ஆக்கிப்போட்டாங்கள். நான் மூண்டு பரப்பைச் சாகவிட்டிட்டு மற்ற மூண்டுக்கும் மட்டும் தண்ணி மாறினன். எந்த மூண்டைக் கைவிடுறது எண்டு வரம்பில நிண்டு முடிவெடுத்த பின்நேரம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அண்டிரவு, இவர் நித்திரையாப் போனாப்பிறகு, மகளின்ர பழைய கணக்குக் கொப்பியின்ர கடைசித் தாளில மூண்டு விசயம் எழுதினன். இடக்கையால தேத்தண்ணிக் கோப்பை பிடிச்சவர். கரண்ட் சொன்ன நேரத்துக்கு வந்தது. மாமி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் குடுத்து விட்டவ. நாளைக்கும் மூண்டு கிடைக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்தன். அண்டையில இருந்து ஒரு இரவும் விட்டதில்லை. பதினொரு கொப்பி முடிஞ்சுது. இவர் இப்ப பொல்லு ஊண்டிப் படலை மட்டும் நடப்பார்.

போன மாசம் எங்கட மாதர் சங்கத்தில ஒரு தங்கச்சி அழுதா. அஞ்சு இடத்தில நுண்கடன். கிழமை முழுக்க ஆரோ ஒராள் படலையில நிக்கினமாம். நான் கொப்பிக் கதையைச் சொல்லி, “நல்லதையே நினையும் பிள்ளை, எல்லாம் மாறும்” எண்டு சொன்னன். மனசாரத்தான் சொன்னன். அதுக்குப் பிறகு ரெண்டு கூட்டத்துக்கும் அவ வரேல்லை. நான் சொன்னது அவவுக்குக் குத்திப்போட்டுதாம்.

எனக்கு உயிர் தந்த விசயம் இன்னொராளுக்கு எப்பிடிக் குத்தும்? கஷ்ட காலத்தில நல்லதை நினைச்சு மனசைத் தேத்துறது பிழையோ?


குருநகர்ப் பெடியன், வியாழன் இரவு 10.05

அக்கா, கோவிக்காதேங்கோ, நேராச் சொல்லுறன். நீங்கள் கொப்பி எழுதினது பிழையில்லை. அதை அவவுக்குச் சொன்னது பிழை.

நீங்கள் சொன்ன அதே 340 ரூபா எங்கட வீட்டுக்கும் வந்தது. அப்பாவின்ர படகுக்கு ஒருக்காப் போய்வர 25 லீற்றர் வேணும். 2,175 ரூபாக்குப் போன தொழில் 8,500 ஆச்சு. அதுக்கு மேல ஐஸ், சாப்பாடு, கூட வாற ஆளின்ர பங்கு. கடலுக்குப் போனால், அங்கால இந்தியாவில இருந்து வாற இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும். காலமை வலையை இழுக்கேக்க கயிறு மட்டும் பாரமில்லாமல் வரும். அந்தப் பாரமில்லாத கயிறு கையில எப்பிடி இருக்கும் எண்டு இழுத்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த நாளில எங்கட பக்கம் ஒரு கூட்டம் வைச்சு, ஆரோ ஒரு பேச்சாளரைக் கூட்டிக்கொண்டு வந்தவை. “மனசு மாறினால் எல்லாம் மாறும், கண்ணாடிக்கு முன்னால நிண்டு சிரியுங்கோ” எண்டார். அப்பா பக்கத்தில இருந்து தன்ர ரெண்டு உள்ளங்கையையும் பாத்துக்கொண்டிருந்தார். வீட்டை வந்து அம்மாட்டச் சொன்னார், “பிழை எங்கட மனசிலயாம்” எண்டு. அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை.

உதவி செய்யாட்டிலும் உபத்திரவம் செய்யாதே எண்டு சும்மா சொல்லேல்லை. கடன்காரன் படலையில நிக்கேக்க “நல்லதை நினை” எண்டால், நீ நினைக்காததாலதான் இப்பிடி எண்டுதான் கேக்கிற ஆளுக்கு விளங்கும்.


நாவற்குழிப்பாலம் (ரொறன்ரோ), வியாழன் இரவு 11.30

தம்பி சொல்லுறதில நியாயம் இருக்கு, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டன்.

1995 ஐப்பசி 30, எனக்குப் பதினொரு வயசு. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில சொன்ன இரவு. செம்மணி வெளியால நாவற்குழிப் பாலம் மட்டும் ஒரே சனம். மழை வேற. ஒரு அடி வைக்கிறது, நிக்கிறது, ஒரு அடி வைக்கிறது. அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, “இந்தா, கொஞ்ச தூரம்தான், சாவகச்சேரியில மாமா தேத்தண்ணியோட நிப்பார்” எண்டு விடியுமட்டும் சொல்லிக்கொண்டே வந்தவ. அங்க மாமா நிண்டாரோ இல்லையோ எண்டு அவவுக்கே தெரியாது. அந்தச் சொல்லிலதான் நான் நடந்தனான்.

1981 இல எங்கட யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகம் எரிஞ்சுது. இண்டைக்கு அது வெள்ளையா நிக்குது, பிள்ளையள் அங்க இருந்து படிக்கினம். எங்கட சனத்துக்கு எண்டு ஒரு மனவுறுதி இருக்கு. அதைக் குறைச்சுச் சொல்லாதேங்கோ. நம்பிக்கை இல்லாட்டி நாங்கள் எண்டைக்கோ முடிஞ்சுபோயிருப்பம்.


ஓய்வு ஆசிரியர் (சுன்னாகம்), வெள்ளி காலை 6.15

மூண்டு பேரும் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சிட்டு எழுதுறன்.

நான் 31 வருசம் கணிதம் படிப்பிச்சனான். 1990 ஆனியில சண்டை தொடங்கினாப்பிறகு கரண்ட் நிண்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை, எல்லாத்துக்கும் தடை. மண்ணெண்ணை பவுண் விலை. ஜாம் போத்தல் விளக்கை இந்தத் தலைமுறை கண்டிருக்காது, அதால சொல்லுறன். வெறும் ஜாம் போத்தலுக்கு அடியில கொஞ்சம் பஞ்சு. அதில பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் எண்ணை. பழைய சைக்கிள் ரியூப்பின்ர வால்வுக் குழாய்க்குள்ள நூல் திரியை விட்டு, கம்பியால போத்தல் வாயில கொழுவி இறக்குறது. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிக்கும், காத்துக்கு அணையாது, எண்ணை மிச்சம் பிடிக்கும். என்ர விறாந்தையில ரெண்டு பாய், பாய்க்கு மூண்டு போத்தல், பத்துப் பன்னிரண்டு பிள்ளையள் உயர்தரக் கணக்குச் செய்வினம். விடிய மூக்குக்குள்ள கரி.

செய்தி கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைக் கையால சுத்த, டைனமோவில றேடியோ பாடும். சுத்துறவர் களைச்சால் செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் இறங்கும். உடன இன்னொராள் வந்து பிடிப்பார்.

யோசிச்சுப் பாக்கிறன். அந்த ஆறேழு வருசத்தில “நம்பிக்கையா இரு” எண்டு நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதா ஞாபகம் இல்லை. “திரியை இறக்கு, போத்தல் வெடிக்கும்” எண்டுதான் சொல்லியிருக்கிறன். “அந்த வரியைத் திரும்பச் செய்” எண்டு சொல்லியிருக்கிறன்.

ரொறன்ரோத் தம்பிக்கு ஒரு சொல். எங்கட மனவுறுதியைப் புகழேக்க எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். அந்த விறாந்தையில இருந்த நாலு பேர் பொறியியல் பீடம் போனவை. அதை எல்லா மேடையிலயும் சொல்லுவினம். அதே பாயில இருந்த ரெண்டு பேர் இண்டைக்கு உயிரோட இல்லை. அவையளுக்கும் மனவுறுதி இருந்தது. நான் கண்டனான்.

இன்னொண்டு. நல்லதை நினைக்கச் சொல்லுறவை வள்ளுவரைக் கூப்பிடுவினம். இடுக்கண் அழியாமை 63ஆவது அதிகாரம், பொருட்பாலில அரசியல் எண்ட பகுதியின்ர கடைசி. அதுக்கு முன்னால வரிசையா ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. செய்யவேண்டியதை எல்லாம் அரசனுக்குச் சொல்லி முடிச்சாப்பிறகுதான் துன்பத்தைக் கண்டு கலங்காதே எண்டு வருது. கையில ஒண்டும் இல்லாத ஆளுக்கு முதல் மருந்தா நீட்டினதில்லை எண்டுதான் நான் வாசிக்கிறன்.


நாவற்குழிப்பாலம், வெள்ளி காலை 7.02

சேர், உங்களோட வாதாட எனக்குத் தகுதி காணாது. ஆனால் அதே அரசியல் பகுதியிலதான் கல்வியும் கேள்வியும் வருது. 40ஆவதும் 42ஆவதும். கல்வி அரசனுக்கு மட்டும் எண்டு நீங்களே சொல்லமாட்டியள். அப்ப கலங்காமல் இருக்கிற உரிமையும் எல்லாருக்கும் உள்ளதுதானே?


ஓய்வு ஆசிரியர், வெள்ளி காலை 7.20

நல்ல கேள்வி தம்பி. உரிமை எண்டு சொன்னியள் பாருங்கோ, அந்தச் சொல்லை ஒத்துக்கொள்ளுறன். கடமை எண்டு ஆரும் சொன்னால் மறுப்பன்.


இரவுக்கடமை, வெள்ளி பிற்பகல் 2.45

நான் தாதி. மனநலப் பிரிவொன்றில் சில வருடம் வேலை செய்தவள். நாவற்குழிப்பாலம் அண்ணா “நம்பிக்கை இல்லாட்டி முடிஞ்சுபோயிருப்பம்” என்று எழுதியதற்காக ஒன்றைச் சொல்லவேண்டும்.

1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த வருடமும், பிறகு 1998 இலும், 2008 முதல் 2011 வரையும் மிக நச்சுத்தன்மையான விவசாய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது வருடத்தில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த இருபது வருடத்துக்குள் போர் இருந்தது, சுனாமி இருந்தது, கடன் இருந்தது. சனத்தின் கவலை குறையவில்லை. கடைத் தட்டில் இருந்த ஒரு பொருளை எடுத்தார்கள், ஆயிரக்கணக்கான ஆட்கள் அந்தப் பொல்லாத ஒரு மணித்தியாலத்தைத் தாண்டி அடுத்த நாளைக் கண்டார்கள்.

ஆகவே யாராவது “மனசைத் திருத்து” என்று தொடங்கினால், முதலில் எதைத் திருத்தலாம் என்று சுற்றிப் பார்க்கச் சொல்லுவேன்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதி வந்தவர். ஊராகப் பட்ட காயத்தை ஒருத்தி தனியே, இரவில், தன் மனதுக்குள் ஆற்றவேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம். அந்தத் தங்கச்சி சங்கத்துக்கு வராமல் விட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிர் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவர்களுக்குக் கொப்பி போதாது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கிணத்தடி அக்கா, அந்தத் தங்கச்சி அந்த நிலையில் இருக்கிறாவோ என்று யாராவது பார்த்தீர்களா?


கிணத்தடி, வெள்ளி இரவு 9.15

மிசி, உங்கட கடைசிக் கேள்வியை வாசிச்சாப்பிறகு எனக்குக் கை நடுங்கினது. ஒருத்தரும் பாக்கேல்லை. நான் போய்ப் பாக்கிறன்.

ஆனால் மற்றதுக்கு ஒரு பதில் சொல்லத்தான் வேணும். எல்லாரும் சேர்ந்து என்னைப் பிழை எண்டாலும் சொல்லுவன். விலையைக் குறைக்கவேணும், வட்டியைக் குறைக்கவேணும், வலை அறுக்கிறவனை மறிக்கவேணும். எல்லாம் சரி. அது நடக்குமட்டும் இரவு எப்பிடிப் படுக்கிறது? இவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு இரவில நாலு தரம் எழும்பினனான். அந்த நாலு தரமும் எனக்குப் பக்கத்தில அரசாங்கமும் இல்லை, சங்கமும் இல்லை. நான் மட்டும்தான். அந்த நேரம் என்ர தலைக்குள்ள எது ஓடவேணும் எண்டு நான்தான் தீர்மானிச்சனான். ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லித் தரேல்லை. எல்லாம் என்ர கையை விட்டுப் போன காலத்தில அது ஒண்டுதான் என்ர கையில நிண்டது. அதையும் ஏமாத்து எண்டு சொன்னால் எனக்கு நோகும்.

மூண்டு பரப்பு காஞ்சு கிடக்கேக்க நான் அதைப் பாக்காமல் விடேல்லை. ஒவ்வொரு நாளும் பாத்தனான். பாத்துக்கொண்டுதான் மற்ற மூண்டுக்கும் தண்ணி மாறினனான்.


குருநகர்ப் பெடியன், வெள்ளி இரவு 9.50

அக்கா, நான் உங்கட கொப்பியை ஏமாத்து எண்டு சொல்லவே மாட்டன். அம்மாவும் ஒவ்வொரு இரவும் மாதா படத்துக்கு முன்னால மெழுகுதிரி கொழுத்தித்தான் படுக்கிறவ.

எனக்குக் கோவம் வாறது வேற இடத்தில. 2018 இல வறட்சி பாதிச்ச 12 மாவட்டப் பெண்களின்ர நுண்கடனை, ஒரு லட்சம் ரூபா வரைக்கும், தள்ளுபடி செய்யிறதா அரசாங்கம் அறிவிச்சது. யாழ்ப்பாணமும் அதுக்குள்ள. அது எப்பிடி வந்தது? வடக்கில, கிழக்கில பெண்கள் பதாகையோட றோட்டில நிண்டவை. அம்மாவும் நிண்டவ. அண்டைக்கு அவையள் எல்லாரும் நல்லதையே நினைச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்திருந்தால் ஒண்டும் நடந்திருக்காது. கோவமும் ஒரு நல்ல எண்ணம்தான் எண்டு நான் நினைக்கிறன். இது இப்பிடி இருக்கத் தேவையில்லை எண்டு நம்புறவனுக்குத்தான் கோவம் வரும்.


செவ்வரத்தை, வெள்ளி இரவு 11.58

நான் எந்தப் பக்கமும் இல்லை. வாசிச்சுப்போட்டு நித்திரை வரேல்லை, அதால எழுதுறன்.

2009 இல இருந்து அண்ணாவைக் காணேல்லை. 2017 மாசி 20 கிளிநொச்சியில கந்தசாமி கோயிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் போராட்டம் தொடங்கேக்க அம்மாவும் போய் இருந்தவ. வாற ஆக்கள் எல்லாரும் ஒரே சொல்தான், “நல்லதையே நினையுங்கோ அம்மா.”

அம்மாவுக்கு நல்லது எது? உயிரோட இருக்கிறான் எண்டு நினைச்சால், எங்க, எந்த அறையில, ஆர் அடிக்கிறாங்கள் எண்டு விடியுமட்டும் முழிச்சிருப்பா. இல்லை எண்டு நினைச்சால், தன்ர வாயாலேயே பிள்ளையைச் சாகடிச்ச மாதிரி. இப்பவும் சோறு போடேக்க ஒரு பிடி கூடப் போடுறா. இரவு அதுக்குத் தண்ணி ஊத்தி வைச்சு, காலமை தானே குடிக்கிறா.

இத்தனை வருசத்தில அம்மாவின்ர முகம் கொஞ்சம் இளகினதை ஒருக்காத்தான் கண்டனான். ஆரோ முன்பின் தெரியாத ஒரு அக்கா பக்கத்தில வந்து குந்தி, “உங்கட மகனுக்கு என்ன கறி விருப்பம்?” எண்டு கேட்டா. அம்மா அரை மணித்தியாலம் கதைச்சவ. கணவாய்க் கறி.


நாவற்குழிப்பாலம், சனி அதிகாலை 3.10

செவ்வரத்தைத் தங்கச்சி, என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை. வாசிச்சன்.

நான் மனவுறுதி எண்டு எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதைச் சொல்லாட்டி நான் வெளிநாட்டில இருந்துகொண்டு அறிவுரை சொல்லுறன் எண்டுதான் இருக்கும். இங்க வந்து முதல் ஆறு வருசம் களஞ்சியத்தில இரவு வேலை. அம்மா அங்க மோசம்போனவ, நான் போகேலாமல் போச்சு. காகிதம் சரிவரேல்லை. செத்தவீட்டைப் போனில பாத்தனான். அந்தக் காலத்தில விக்டர் பிராங்கிள் எண்ட வைத்தியரைப் பற்றி அறிஞ்சன். வியன்னாவைச் சேர்ந்த யூதர். நாசி முகாம்களில தாய், தகப்பன், தமையன், மனிசி, எல்லாரையும் இழந்த ஆள். எல்லாத்தையும் பறிச்சாலும், வந்ததை எப்பிடி எதிர்கொள்ளுறது எண்டு தீர்மானிக்கிற உரிமையைப் பறிக்கேலாது எண்டு சொன்னவர். அம்மா பாலத்தில சொன்ன “மாமா தேத்தண்ணியோட நிப்பார்” எண்டதை அண்டைக்குத்தான் விளங்கினன். கிணத்தடி அக்கா இரவில நாலு தரம் எழும்பினதும் அதுதான்.


இரவுக்கடமை, சனி காலை 8.30

அண்ணா, உங்கள் அம்மாவுக்காக மனம் வருந்துகிறேன்.

பிராங்கிளைப் பற்றி இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. முகாமுக்குப் போவதற்கு முன்னமே, 1930 ஐ ஒட்டிய வருடங்களில், வியன்னாவில் இளம் ஆட்களுக்காக இலவச ஆலோசனை நிலையங்களை ஒழுங்கு செய்தவர். பள்ளிக்கூட அறிக்கை கொடுக்கிற காலத்தில் மாணவர்கள் உயிரை விடுகிறார்கள் என்று கண்டு, அந்தக் காலத்துக்கென்றே தனி ஏற்பாடு செய்தார். எங்கள் ஊரில் சாதாரணதரம், உயர்தர முடிவு வருகிற கிழமையை நினைத்துப் பாருங்கள். துன்பத்தை எதிர்கொள்ளும் உரிமை பற்றிப் பேசிய அதே ஆள், முதலில் கதிரையும் மேசையும் போட்டு, பிள்ளைகள் வந்து கதைக்க ஓர் இடம் வைத்தார்.

கிணத்தடி அக்காவுக்கு: நேற்று நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நீங்கள் செய்தது வெறும் பகற்கனவு இல்லை. இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் படிப்பு முடித்த இளம் ஆட்களை ரெண்டு வருடம் பின்தொடர்ந்தார். நல்ல வேலை கிடைத்த மாதிரி இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்தார்கள், குறைவான வேலை வாய்ப்பும் குறைவான சம்பளமும்தான் கிடைத்தது. கற்பனையிலேயே மனம் ஆறிவிடுகிறது. கூட்டத்தில் குருநகர்த் தம்பியின் அப்பாவைக் கண்ணாடி பார்த்துச் சிரிக்கச் சொன்னது அந்த வகை.

நீங்கள் எழுதியது ஏற்கனவே நடந்ததை. இடக்கை கோப்பையைப் பிடித்தது நடந்தது. மாமி புட்டுத் தந்தது நடந்தது. 2003 இல் எம்மன்ஸ், மக்கலோ என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நரம்பும் தசையும் பாதிக்கப்பட்ட நோயாளிகள் 21 நாள் இப்படி நன்றியோடு நினைப்பவற்றை எழுதிவந்தார்கள். மனநிலையும் நித்திரையும் முன்னேறின. ஆகவே கொப்பி வேலை செய்யும். யாருக்கு, எப்போது, யார் கையால் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் இன்னும் இழுபறி.


ஓய்வு ஆசிரியர், சனி காலை 9.05

“யார் கையால்” எண்டது சரி. விளக்கைக் கொளுத்திக் குடுக்கிறவன் தானும் அந்தப் பாயில இருக்கவேணும்.


குருநகர்ப் பெடியன், சனி காலை 9.40

கேப்ரியேல் கதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். திருப்பி ஒருக்கா வாசிக்கச் சொன்னார். “அப்ப பிழை எங்கட மனசில இல்லைத்தானே” எண்டார். நண்டு வலை பொத்திக்கொண்டிருந்தவர், ஒண்டும் பேசாமல் மிச்சத்தையும் பொத்தினார்.

மிசி, நன்றி.


கிணத்தடி, புதன் இரவு 8.50

நாலு நாளா எழுதேல்லை, மன்னிக்கோணும். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சி வீட்டை போனனான். கொப்பியைக் கொண்டுபோகேல்லை. ரெண்டு பிடி வெங்காயமும் முருங்கைக்காயும் கொண்டுபோனன்.

குசினி வாசலில நிண்டு, “பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்” எண்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை. மிசி சொன்னதை நினைச்சு, “நித்திரை வருதோ? சாப்பிடுறீரோ?” எண்டு கேட்டன். சாப்பாடு இறங்குதாம், நித்திரைதான் இல்லையாம். செத்துப்போகலாம் எண்டு நினைப்பு வாறதோ எண்டு நேராவே கேட்டன். எனக்கு வாய் உலந்துபோச்சு கேக்கேக்க. முந்தி ஒருக்கா வந்ததாம், இப்ப இல்லையாம், பிள்ளையைப் பாக்கேக்க பயமாக் கிடக்காம். 1926 ஐ அவவின்ர போனில பதிஞ்சு குடுத்தன். வாற கிழமை தெல்லிப்பழைக்கு நானும் கூடப் போறதாச் சொல்லியிருக்கிறன்.

பிறகு அவ உள்ள போய் ஒரு பிஸ்கட் ரின் கொண்டுவந்து பாயில கவிட்டா. அஞ்சு கடன் அட்டை. கலண்டர் தாளின்ர பின்பக்கத்தில, அவவின்ர மகனின்ர பென்சிலால, அஞ்சையும் ஒண்டொண்டா எழுதிக் கூட்டினம். ரெண்டு மணித்தியாலம் பிடிச்சுது. இவ்வளவு நாளும் அவ அஞ்சையும் ஒண்டாக் கூட்டினதே இல்லையாம், பயத்தில. மொத்தத்தை எழுதிப்போட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தம்.

அதில ஒரு அட்டையில 52 கிழமை எண்டு போட்டிருக்கு. நான் கையொப்பங்களை எண்ணினன், 55. திருப்பி எண்ணினன், 55 தான். கேட்டால், பிந்தின வட்டி எண்டு சொல்லி வாங்குறாங்களாம். எவ்வளவு, எப்ப முடியும் எண்டு ஒரு கடதாசியும் இல்லை. செவ்வாய்க்கிழமையில வாற ஆள்.

நேற்று செவ்வாய் அவ காசு குடுக்கேல்லை. கணக்கு எழுதித் தாங்கோ, பிறகு தாறன் எண்டு சொல்லியிருக்கிறா. தனிய நிண்டு சொல்லியிருக்கிறா, நான் இவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனதால போகேலாமல் போச்சு. அடுத்த செவ்வாய் பெரியவரோட வாறன் எண்டிட்டுப் போயிருக்கிறான். அண்டைக்கு நான் அங்க நிப்பன்.


ஓய்வு ஆசிரியர், புதன் இரவு 9.10

பிள்ளை, அட்டையின்ர ரெண்டு பக்கத்தையும் வடிவாப் படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்பும், ஆளின்ர பேரை மறைச்சுப்போட்டு. தொடக்கத் தொகை, கிழமைக் காசு, பிந்தின திகதியள், இவ்வளவும் இருந்தால் காணும். எவ்வளவு கட்டவேணும், எவ்வளவு கட்டியிருக்கிறா எண்டு வரி வரியாப் போட்டுத் தாறன். பெரியவர் வந்தால் அந்தத் தாளைக் காட்டி, இதில எந்த வரி பிழை எண்டு கேளுங்கோ.


குருநகர்ப் பெடியன், புதன் இரவு 9.14

செவ்வாய் எத்தினை மணிக்கு அக்கா? அம்மாவும் வாறாவாம். அவவிட்டையும் அப்பிடி ஒரு அட்டை கிடக்கு.


கிணத்தடி, புதன் இரவு 9.31

பத்தரைக்கு வாறவங்களாம். நீங்கள் ஒன்பதரைக்கே வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு இருப்பம். இடத்தைத் தனியா எழுதிவிடுறன்.

இவரும் வாறன் எண்டு நிக்கிறார். படலை மட்டும் நடக்கிற மனிசன், ஓட்டோவில ஏத்திக்கொண்டு போங்கோ எண்டு சொல்லிப்போட்டு இப்பவே பொல்லைத் துடைக்கிறார்.